அலைக்கற்றை ஏலம்: தொகையோடு விதிகளையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலைக்கற்றை (செல்பேசிச் சேவைக்கான ரேடியோ அலைவரிசை) ஏலம் முடிந்த மறுநாள் எந்த நாளிதழைப் பிரித்தாலும் தலைப்பு ஒன்றுதான்: அரசுக்கு இத்தனை கோடி வருவாய். தொகை கூடினால் சாதனை, குறைந்தால் தோல்வி. 2010இல் சாதனை, 2012இல் தோல்வி, 2022இல் மறுபடி சாதனை, 2024இல் மந்தம். இந்த நான்கு செய்திகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பவருக்கு, தொலைபேசி நிறுவனங்களுக்கு ஒரு வருஷம் ஆசை பொங்குகிறது, இன்னொரு வருஷம் வற்றிப்போகிறது என்றுதான் தோன்றும். உண்மையில் அந்த நிறுவனங்கள் எல்லா ஏலத்திலும் ஒரே கணக்கைத்தான் போட்டன. எதிரே உட்கார்ந்திருப்பவர் யார், அவருக்கு எவ்வளவு தேவை, நான் விலகினால் எனக்கு என்ன நஷ்டம், நான் விலையை ஏற்றினால் அது என் தலையிலேயே விடியுமா? அந்தக் கணக்குக்கு விடை ஏல விதிகளைப் பொறுத்து மாறியது. ஆட்டக் கோட்பாடு படிப்பவர்கள் பார்ப்பது இதைத்தான். ஆகவே ஏலச் செய்தியில் தொகைக்குப் பக்கத்தில் விதிகளையும் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள் என்று கேட்பதற்கே இந்தக் கடிதம். சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022ஆம் ஆண்டு 5ஜி ஏலத்தையே எடுத்துக்கொள்வோம். ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 1 வரை ஏழு நாள், 40 சுற்று, 1,50,173 கோடி ரூபாய். ஏழு நாளும் போட்டி அனல் பறந்தது போலத்தான் செய்திகள் வந்தன. ஆனால் முதல் நாள் நான்கு சுற்று முடிந்தபோதே கேட்பு 1.45 லட்சம் கோடியைத் தொட்டுவிட்டது. மீதி ஆறு நாளில் சேர்ந்தது ஐயாயிரம் கோடிச் சொச்சம்தான். அந்த இழுபறியும் முக்கியமாக ஒரே இடத்துக்காக நடந்தது: உத்தரப் பிரதேசக் கிழக்கு வட்டத்தின் 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை (தொலைபேசிச் சேவைக்காக நாட்டைப் பிரித்திருக்கும் பகுதிகளுக்கு வட்டம் என்று பெயர்). ஒரு மெகாஹெர்ட்ஸ் 91 கோடியில் ஆரம்பித்து 160 கோடியைத் தாண்டி நின்றது. மற்றவை அநேகமாக அரசு குறித்திருந்த அடிப்படை விலைக்கே போயின. அடிப்படை விலைக்குப் போகும் பொருளுக்கு ஏலம் என்ற பெயர் பொருந்தாது. அரசு விலைப்பட்டியல் ஒட்டியது, வந்தவர்கள் வாங்கிப் போனார்கள், அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு விடை ஏலத்துக்கு முன்பே வெளியாகிவிட்டிருந்தது. பங்கேற்பவர்கள் கட்டிய முன்வைப்புத் தொகையைத் தொலைத்தொடர்புத் துறை பட்டியலிட்டது: ஜியோ 14,000 கோடி, ஏர்டெல் 5,500 கோடி, வோடஃபோன் ஐடியா 2,200 கோடி, அதானி குழும நிறுவனம் 100 கோடி. முன்வைப்புத் தொகைக்கு ஏற்பத் தகுதிப் புள்ளிகள் கிடைக்கும். கையிலுள்ள புள்ளிக்கு மேல் யாரும் கேட்க முடியாது. ஜியோவுக்கு 1,59,830 புள்ளி, ஏர்டெல்லுக்கு 66,330, வோடஃபோன் ஐடியாவுக்கு 29,370. சீட்டாட்டத்தில் எல்லோர் கையையும் விரித்து மேஜையில் போட்டதற்குச் சமம். விலையுயர்ந்த 700 மெகாஹெர்ட்ஸுக்குப் போகும் அளவு புள்ளி வைத்திருந்தது ஒரே நிறுவனம் என்பதை மற்ற மூவரும் அன்றே ஊகித்திருப்பார்கள். அந்த நிறுவனத்துக்கும், தன்னை அங்கே யாரும் எதிர்க்கப் போவதில்லை என்பது தெரிந்திருக்கும்.

3300 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் கணக்கு இன்னும் எளிது. ஒவ்வொரு வட்டத்திலும் விற்பனைக்கு 330 மெகாஹெர்ட்ஸ் இருந்தது. ஜியோ 100, ஏர்டெல் 100, வோடஃபோன் ஐடியா 17 வட்டங்களில் 50 எடுத்தன. கூட்டினால் 250. எண்பது மிச்சம். பொருள் மிச்சம் இருக்கும் சந்தையில் விலை ஏறாது. நூறு கேட்டவர் நூற்றைம்பது கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. கடிகார ஏலம் எனப்படும் இந்த முறையில் ஒவ்வொரு சுற்றிலும் ஏலம் விடுபவர் விலையை அறிவிப்பார். அந்த விலைக்கு எத்தனை தொகுதி வேண்டும் என்று மட்டும் கேட்பவர் சொல்ல வேண்டும். மொத்தத் தேவை இருப்பை மிஞ்சினால் அடுத்த சுற்றில் விலை சில சதவீதம் ஏறும். அப்படி ஏறினால், கூடுதலாகக் கேட்ட ஐம்பதுக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே கிடைக்கவிருந்த நூற்றுக்கும் சேர்த்துத்தான் கூடுதல் விலை. ஆகவே விவரமுள்ளவர் தன் தேவையைக் கொஞ்சம் குறைத்தே சொல்வார். மற்றவரும் அப்படியே செய்வார் என்பது அவருக்குத் தெரியும். யாரும் யாரோடும் போனில் பேச வேண்டியதில்லை. கூட்டுச் சதி தேவையில்லை. விதியே அவர்களை ஒதுங்க வைக்கிறது. இதைச் சதி என்று எழுதினால் தவறு. போட்டி என்று எழுதினாலும் தவறுதான்.

இப்போது 2010க்குப் போவோம். 3ஜி ஏலம் ஏப்ரல் 9இல் தொடங்கி 34 ஏல நாள், 183 சுற்று ஓடியது. பட்ஜெட்டில் 3ஜிக்கும் அகண்ட அலைவரிசைக்கும் சேர்த்து எதிர்பார்த்தது 35,000 கோடி. 3ஜியில் மட்டும் வந்தது 67,719 கோடி. நாடு முழுவதற்குமான உரிமத்தின் அடிப்படை விலை 3,500 கோடி, முடிந்த விலை 16,750 கோடி. தமிழ்நாடு வட்டத்தில் 320 கோடியில் தொடங்கியது 1,464 கோடியில் நின்றது. கேட்டவர்கள் ஒன்பது நிறுவனங்கள். பெரும்பாலான வட்டங்களில் தனியாருக்கு இருந்தது மூன்றே இடம், ஐந்து வட்டங்களில் மட்டும் நான்கு. ஒன்பது பேருக்கு மூன்று நாற்காலி. நாற்காலி கிடைக்காதவர் தன் வசதியான வாடிக்கையாளர்களை அடுத்தவரிடம் இழக்க வேண்டியதுதான் என்ற நிலை. அடுத்த ஏலம் எப்போது என்று அரசு சொல்லவும் இல்லை. அப்போது கொடுத்த விலையில் அலைக்கற்றையின் பெறுமதியோடு, வெளியே நிற்க நேரிடுமோ என்ற பயத்தின் விலையும் சேர்ந்திருந்தது. அத்தனை கொடுத்தும் எந்த ஒரு நிறுவனத்துக்கும் நாடு முழுவதும் 3ஜி கிடைக்கவில்லை. பிறகு அவர்கள் ஒருவர் வட்டத்தில் ஒருவர் ரோமிங் செய்துகொள்ள ஒப்பந்தம் போட்டதும், அதைத் துறை தடுத்ததும், வழக்கு தீர்ப்பாயம் வரை போனதும் அந்தச் செயற்கைத் தட்டுப்பாட்டின் தொடர்ச்சியே.

இந்த 2010 விலை பிறகு செய்த வேலை கொஞ்சநஞ்சமல்ல. 2008இல் ஏலமில்லாமல், முதலில் வந்தவருக்கு முதலில் என்று கொடுத்த 2ஜி ஒதுக்கீடு பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அதே 2010இல் தந்த அறிக்கையில் உத்தேச இழப்புக்கு ஒன்றல்ல, பல மதிப்பீடுகள் இருந்தன: 57,666 கோடியில் தொடங்கி 1,76,645 கோடி வரை. கடைசி எண்ணுக்கு அடிப்படை 3ஜி ஏல விலை. மூன்று நாற்காலிக்கு ஒன்பது பேர் அடித்துக்கொண்டபோது உருவான விலையை, 122 உரிமங்கள் கொடுக்கப்பட்ட இன்னொரு ஆட்டத்துக்கு அப்படியே பெருக்கிப் பார்த்தார்கள். 122 உரிமங்களையும் 2008இல் ஏலம் விட்டிருந்தால் அந்த விலை வந்திருக்காது. இடங்கள் பெருகும்போது விலை இறங்கும். அதற்காக 2008இல் நடந்தது சரி என்று ஆகிவிடாது. அதன்மேல் நடந்த வழக்கில் 2017 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் ஒரு தீர்ப்புத் தந்தது. அது வேறு பேச்சு. முறை என்ற அளவில் பார்த்தால், முதலில் வந்தவருக்கு முதலில் என்பது மிக மோசமான ஆட்டம். நாடு முழுவதற்குமான உரிமத்துக்கு 2001இல் நிர்ணயித்த 1,658 கோடியை 2008லும் அப்படியே வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கச் சொன்னால், போட்டி விலையை விட்டுவிட்டு வேகத்துக்குத் தாவும். 2008 ஜனவரி 10ஆம் தேதி பிற்பகலில் அறிவிப்பு வந்து, அன்றே மூன்றரை மணிக்கு தொலைத்தொடர்புத் துறை அலுவலகமான டெல்லி சஞ்சார் பவனுக்கு வந்து கடிதம் பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள். அந்த ஆட்டத்தில் மதிப்புள்ள ஒரே சொத்து, தேதி முன்கூட்டியே தெரிவதும் வங்கி வரைவோலை கையில் தயாராக இருப்பதும். மக்களின் சொத்துக்குரிய லாபம் கஜானாவுக்கும் வரவில்லை, நல்ல சேவை தரக்கூடியவருக்கும் போகவில்லை; தகவல் கிடைத்தவருக்குப் போயிற்று.

2012 பிப்ரவரி 2இல் உச்ச நீதிமன்றம் உரிமங்களை ரத்து செய்தது. நவம்பரில் மறு ஏலம். 1800 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் 5 மெகாஹெர்ட்ஸுக்கு நாடு முழுவதற்கும் 14,000 கோடி என்று அடிப்படை விலை. 28,000 கோடி எதிர்பார்த்த இடத்தில் வந்தது 9,407 கோடி. டெல்லி, மும்பை, கர்நாடகம், ராஜஸ்தான் வட்டங்களுக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. 'அப்படியானால் 1.76 லட்சம் கோடி பொய்யா' என்று ஒரு கட்சியும், 'நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து கவிழ்த்துவிட்டன' என்று இன்னொரு கட்சியும் அப்போது பேசின. இரண்டுமே ஆட்டத்தைப் பார்க்காத பேச்சு. டெல்லியிலும் மும்பையிலும் பழைய நிறுவனங்களிடம் அன்றைக்குத் தேவையான அலைக்கற்றை இருந்தது. புதியவர்களில் பலர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். வாங்காவிட்டால் விலை அடுத்த முறை இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். காத்திருப்பதே லாபம்; காத்திருந்தார்கள். 2013 மார்ச்சில் அந்த நான்கு வட்டங்களுக்கு 30 சதவீதம் விலை குறைத்தும் 1800க்கு ஆள் வரவில்லை. அரசு இறங்கி வருகிறது என்பது உறுதியானதும் இன்னும் ஒரு சுற்று காத்திருந்து பார்க்கத் தோன்றுமே தவிர, ஓடி வந்து வாங்கத் தோன்றாது.

2014 பிப்ரவரியில் கதை தலைகீழ். 61,162 கோடி. அடிப்படை விலையை மெகாஹெர்ட்ஸுக்கு 1,765 கோடியாக இறக்கியிருந்தார்கள் (2012இல் அது 2,800). ஆனால் விலை குறைத்தது மட்டும் காரணமல்ல. டெல்லி, மும்பை, கொல்கத்தாவில் பழைய நிறுவனங்களின் 20 ஆண்டு உரிமம் அந்த ஆண்டு இறுதியில் முடியவிருந்தது. அவர்கள் பயன்படுத்திவந்த அதே 900 மெகாஹெர்ட்ஸ் ஏலத்துக்கு வந்தது. விட்டால் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களோடு கடையை மூட வேண்டும். அந்த நெருக்கடி எதிராளிக்கும் தெரியும். டெல்லியில் 360 கோடியில் ஆரம்பித்த ஒரு மெகாஹெர்ட்ஸ் 740 கோடிக்குப் போயிற்று. கேட்பவர் விலகிப்போக முடியுமா முடியாதா என்பது ஏலத்தொகையை எப்படி ஆட்டிவைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. ஆனால் அந்த விலையை அலைக்கற்றையின் உண்மை மதிப்பு என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஏலத்தின் அடிப்படை விலையை அதன்மேல் கட்டினார்கள். ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் வழக்கம் அது: போன ஏலத்தில் முடிந்த விலை அடுத்த ஏலத்தின் தொடக்க விலை.

அந்த வழக்கத்தின் பலன் 700 மெகாஹெர்ட்ஸ். சுவருக்குள் நன்றாக ஊடுருவும், கோபுரங்கள் குறைவாகப் போதும், கிராமப்புறத்துக்கு ஏற்றது. 2016இல் இதற்கு 1800இன் விலையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வைத்தார்கள்: மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி. உபயோகமாக ஐந்து மெகாஹெர்ட்ஸ் வாங்க 57,000 கோடிக்கு மேல். ஒருவர்கூடக் கேட்கவில்லை. 2021இல் 6,568 கோடி. அப்போதும் யாரும் இல்லை. 2022இல் 3,927 கோடி. ஜியோ மட்டும் பத்து மெகாஹெர்ட்ஸ் எடுத்து 39,270 கோடி கட்டியது. ஆறு ஆண்டு அந்த அலைவரிசை சும்மா கிடந்தது. நிலக்கரியை விற்காமல் வைத்திருந்தால் அது பூமிக்குள்ளேயே இருக்கும், அடுத்த வருஷம் எடுக்கலாம். அலைக்கற்றை அப்படியல்ல, 2017இன் அலைக்கற்றையை 2018இல் பயன்படுத்த முடியாது. விற்காமல் போன ஒவ்வோர் ஆண்டும் முழு நஷ்டம். 'குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டார்கள்' என்ற குற்றச்சாட்டுக்கு அதிகாரிகள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. 2010க்குப் பிறகு யாரும் அந்த நாற்காலியில் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் 'விற்காமல் வைத்து வீணாக்கினார்கள்' என்று எந்த நாளிதழும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு பக்கத் தவறுக்கு மட்டும் தண்டனை உள்ள ஆட்டத்தில் அதிகாரி எந்தப் பக்கம் சாய்வார் என்பதையும் ஆட்டக் கோட்பாடே சொல்லிவிடும்.

அடிப்படை விலையால் போட்டியை உண்டாக்க முடியாது என்பதைக் கணக்காகவே நிறுவியிருக்கிறார்கள். பொருளியலாளர்கள் ஜெர்மி புலோ, பால் கிளெம்பரர் இருவரும் 1996இல் காட்டியது இது: சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மிகச் சரியாகக் கணித்த அடிப்படை விலையோடு ஐந்து பேரை வைத்து ஏலம் விடுவதைவிட, அடிப்படை விலையே இல்லாமல் ஆறு பேரை வைத்து விட்டால் வருவாய் அதிகம். கிளெம்பரர் பிறகு பிரிட்டனின் 2000ஆம் ஆண்டு 3ஜி ஏலத்தை வடிவமைத்த குழுவில் இருந்தார். அங்கே ஏற்கெனவே நான்கு நிறுவனங்கள். உரிமம் ஐந்தாக வைத்து, ஒன்றைப் புதியவருக்கென்று ஒதுக்கினார்கள். எப்படியும் ஒரு இடம் புதியவருக்கு உண்டு என்றதும் பதின்மூன்று பேர் வந்தார்கள். 2,247 கோடி பவுண்டு வந்தது. மூன்று மாதம் கழித்து நெதர்லாந்தில் ஐந்து பழைய நிறுவனங்கள், ஐந்து உரிமம். புதியவர் யாராவது வருவாரா? வந்தவர் ஒரே ஒருவர். அவரும் பாதியில் போய்விட்டார். எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குகூட அந்த நாட்டுக்குத் தேறவில்லை. கண்டத்தில் பாதிப் பேர் 'பிரிட்டன் போலவே ஏலம் விட்டோமே' என்று தலையைச் சொறிந்துகொண்டார்கள்.

விதியில் ஒரு சிறு ஓட்டை இருந்தாலும் போதும், ஏலக்காரர்கள் அதன் வழியாகப் பேசிக்கொள்வார்கள். ஜெர்மனியில் 1999இல் பத்துத் தொகுதி அலைக்கற்றை ஏலத்துக்கு வந்தது. விலையை உயர்த்துவதென்றால் குறைந்தது 10 சதவீதம் உயர்த்த வேண்டும் என்பது விதி. மன்னஸ்மான் நிறுவனம் முதல் ஐந்து தொகுதிகளுக்கு மெகாஹெர்ட்ஸுக்கு 1.818 கோடி மார்க்கும் அடுத்த ஐந்துக்கு 2 கோடி மார்க்கும் கேட்டது. 1.818இல் பத்து சதவீதம் கூட்டிப் பாருங்கள்: 2. போட்டி நிறுவனத்துக்குச் சேதி புரிந்தது: நீ அந்த ஐந்தை இரண்டு கோடிக்கு எடுத்துக்கொள், இந்த ஐந்தை எனக்கு விடு. அப்படியே செய்தது, இரண்டே சுற்றில் ஏலம் முடிந்தது. இதனால்தான் இன்று நல்ல ஏலங்களில் கேட்கும் தொகையை ஏலதாரரே எழுத விடுவதில்லை. ஏலம் விடுபவர் விலை சொல்வார், 'வேண்டும்', 'வேண்டாம்' மட்டும் கேட்பவர் சொல்லலாம்.

நியூசிலாந்து 1990இல் வேறு விதமாகச் சறுக்கியது. இரண்டாம் விலை ஏலம் வைத்தார்கள்: மூடிய உறையில் அதிகம் கேட்டவருக்குப் பொருள், ஆனால் கொடுக்க வேண்டியது அடுத்தவர் கேட்ட விலை. பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இல் எழுதிய கருத்து. தன் மதிப்பை உள்ளபடி எழுதுவதே எல்லோருக்கும் சிறந்த வழி என்று ஆகிவிடுவதால் காகிதத்தில் மிக அழகானது. ஆனால் அடிப்படை விலை வைக்க மறந்துபோனார்கள். பல உரிமங்களுக்குப் போட்டியும் இல்லை. ஒரு லட்சம் டாலர் எழுதியவர் ஆறு டாலர் கட்டிவிட்டுப் போனார். 70 லட்சம் எழுதிய இன்னொருவர் கட்டியது 5,000. நாளிதழ்களுக்கு அது போதாதா? கொள்கையில் ஓட்டை இல்லாவிட்டாலும் மக்கள் முன்னால் நிற்காத ஏலமுறை நீடிக்காது என்பது அன்று தெரிந்தது.

நம் ஊர் கண்மாய் மீன்பாசி ஏலத்திலும் இதே கணக்குதான். கண்மாயில் ஐந்து லட்சத்துக்கு மீன் உண்டு, அடிப்படை விலை ஒன்றரை லட்சம், கேட்பவர்கள் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். ஐவரும் முதல் நாளே கூடி ஒருவரை மட்டும் கேட்கவிட்டால் மூன்றரை லட்சம் மிச்சம், ஆளுக்கு எழுபதாயிரம். ஒருவர் பேச்சை மீறி இரண்டு லட்சத்துக்குத் தானே எடுத்தால் அவருக்கு மூன்று லட்சம். அப்படியிருந்தும் ஏன் மீறுவதில்லை? அடுத்த வருஷமும் ஏலம் உண்டு, பக்கத்துக் கண்மாய்க்கும் ஏலம் உண்டு, கேட்டவர் யார் என்று எல்லோர் முன்னிலும் கை தூக்கித் தெரிகிறது. மீறியவருக்கு அடுத்த ஏலங்களில் மற்ற நால்வரும் சேர்ந்து முட்டுக்கட்டை போடலாம். கூட்டை உடைக்க வேண்டுமானால் இந்த மூன்றில் ஒன்றையாவது மாற்ற வேண்டும்: ஒவ்வோர் ஆண்டும் விடுவதற்குப் பதில் மூன்றாண்டுக்கு ஒருமுறை விடலாம், வாய்மொழிக்குப் பதில் மூடிய உறை வாங்கலாம், ஊருக்கு வெளியே ஒன்றியம் முழுவதும் அறிவித்து ஓர் அந்நியரையாவது வரவழைக்கலாம். மூன்றில் கடைசிதான் வலிமையானது, அதைத்தான் பெரும்பாலும் செய்வதில்லை.

தொகையை மட்டும் கொண்டாடுவதில் இன்னொரு ஆபத்து உண்டு. கேட்ட தொகை வேறு, கைக்கு வரும் தொகை வேறு. 1995இல் ஹிமாச்சல் ஃப்யூச்சரிஸ்டிக் நிறுவனத்தின் கூட்டணி ஒன்பது வட்டங்களுக்கு 85,000 கோடி வரை கேட்டு எல்லோரையும் திகைக்க வைத்தது. உறைகளைத் திறந்த பிறகு, ஒருவருக்கு மூன்று வட்டத்துக்கு மேல் கிடையாது என்று அரசு புதிய விதி கொண்டுவந்தது. உறை திறந்த பிறகு விதியை மாற்றினால் அடுத்த ஏலத்தில் யாரும் எந்த விதியையும் நம்பிக் கேட்க மாட்டார்கள். மற்ற உரிமதாரர்களும் கேட்ட தொகையைக் கட்ட முடியாமல் திணறி, 1999 கொள்கையில் நிலையான கட்டணத்துக்குப் பதில் வருவாய்ப் பங்கு முறைக்கு மாற்றப்பட்டார்கள். பெரிய தொகை கேள், கட்ட முடியாவிட்டால் அரசு இறங்கி வரும் என்ற பாடத்தை இந்தத் துறை அப்போதே படித்துவிட்டது. 2021 செப்டம்பரில் நிலுவைகளுக்குத் தவணை நீட்டிப்பு. வோடஃபோன் ஐடியாவின் பாக்கிக்குப் பதிலாக 2023 பிப்ரவரியில் 16,133 கோடிக்கும் 2025இல் 36,950 கோடிக்கும் அரசு பங்குகளை எடுத்துக்கொண்டது. இன்று ஏறக்குறைய 49 சதவீதம் அரசிடம். விற்றவரே வாங்கியவரின் பங்குதாரர் ஆனபின், ஏலத்தில் வந்ததாக முதல் பக்கத்தில் போட்ட தொகையில் எவ்வளவு ரொக்கம், எவ்வளவு பங்குப் பத்திரம் என்று யாராவது திரும்பிப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். 2022 ஏலத் தொகையும் 20 ஆண்டுத் தவணை. பத்தாண்டு கழித்து அலைக்கற்றையைத் திருப்பிக் கொடுத்துவிடவும் வசதி உண்டு. அப்படிப்பட்ட கேட்பில் பாதி, 'பிடித்தால் வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் திருப்பித் தருகிறேன்' என்ற ஒப்பந்தம். அதை ரொக்க விலையோடு ஒப்பிட்டு வரைபடம் போடக் கூடாது.

எல்லாவற்றையும் ஏலம் விட்டே ஆக வேண்டும் என்றும் இல்லை. உச்ச நீதிமன்றமே 2012 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலாக அப்படித்தான் சொன்னது. செயற்கைக்கோள் இணையத்துக்கான அலைவரிசையை 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் நிர்வாக முறையில் ஒதுக்கச் சொல்கிறது. ஒரே அலைவரிசையைப் பலர் பகிர்ந்துகொள்ள முடியும்போது, ஒருவருக்கு மட்டும் எழுதிக்கொடுக்க ஏலம் விடுவதில் அர்த்தம் குறைவு. ஆனால் அங்கேயும் விலையை யார், எதை வைத்து நிர்ணயிக்கிறார், வரிசை எப்படி என்று கேட்க வேண்டும். 2008ஐ நாம் மறந்துவிடவில்லை.

அடுத்த ஏலம் வரும்போது உங்கள் செய்தியாளர்கள் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் ஏல அறிவிப்பு ஆவணத்திலும் துறையின் இணையதளத்திலும் இருப்பவைதான். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், ஒவ்வொருவரின் முன்வைப்புத் தொகை எவ்வளவு. ஒருவர் அதிகபட்சம் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பு. வட்டவாரியாக எவ்வளவு விற்பனைக்கு இருக்கிறது, கேட்பவர்களின் தேவை அதைவிடக் கூடுதலா குறைவா. யாருடைய உரிமம் எந்த வட்டத்தில் காலாவதியாகப் போகிறது. 2024 ஜூனில் கேட்பு நடந்ததே முக்கியமாக அப்படிப்பட்ட வட்டங்களில்தான், மற்ற இடங்களில் கூட்டமே இல்லை. அப்போது விற்பனைக்கு வைத்தது 10,522 மெகாஹெர்ட்ஸ், அடிப்படை விலையில் 96,238 கோடி, விற்றது 141.4 மெகாஹெர்ட்ஸ், வந்தது 11,340 கோடி, ஏழே சுற்று. முன்கூட்டியே உச்சவரம்பையும் முன்வைப்பையும் பார்த்தவர்கள் யாரும் இதில் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அடிப்படை விலை எந்த ஏலத்து விலையிலிருந்து எடுத்தது, அந்த ஏலத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதும் முக்கியம். கடைசியாகத் தவணை, வட்டி, திருப்பிக்கொடுக்கும் வசதி.

இந்த விவரங்களை ஏலத்துக்கு முந்தைய நாள் ஒரு சின்னப் பட்டியலாகப் போட்டுவிட்டீர்கள் என்றால், ஏலம் முடிந்த நாள் வரும் தொகை எந்த வட்டத்தில் போட்டியால் வந்தது, எங்கே அரசு குறித்த விலை அப்படியே நின்றது என்று வாசகரே கண்டுபிடித்துக்கொள்வார். ஒவ்வொரு வட்டத்துக்கும் அடிப்படை விலை, முடிந்த விலை என்று இரண்டு எண் மட்டும் மறுநாள் கொடுத்தால் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
பொருளியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி